பட்டியலில் விட்டுப்போன சொல்

தென்னாப்பிரிக்காவிலிருந்து விருந்தாளிகள் வந்து இறங்க நான்கு நாள் இருந்தபோது நான் ஒரு பட்டியல் போட்டேன். சமையல் பட்டியல் என்றால் அது என் கணவரின் இலாகா, அதில் நான் தலையிடுவதில்லை. இது அவர்கள் காதுபட யாரும் வாய்தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாத சொற்களின் பட்டியல். பெரிய சார்ட் தாளில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, பத்துபஸ்தியில் எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்கு மேலே ஒட்டினேன். எங்கள் சங்கத்தில் வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர் எல்லாரும் உண்டு. அதனால் இந்தி எழுத்தில் எழுதினேன். 'காலா' கூடாது. 'ஹப்ஷி' கூடாது. 'நீக்ரோ' கூடாது. கறுப்பாக இருப்பவரைக் கேலி செய்ய எங்கள் தீவில் ஒரு பழங்குடியின் பெயரையே வசையாக வைத்திருக்கிறோம். எந்தப் பழங்குடி என்று தீவுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சொல்லுக்கு மட்டும் இரண்டு அடிக்கோடு போட்டேன்.

சொற்களுக்குக் கீழே செயல்கள். முடியைத் தொட்டுப் பார்க்கக் கூடாது. கையோடு கை வைத்து நிறம் பார்க்கக் கூடாது. கேட்காமல் செல்ஃபி எடுக்கக் கூடாது. நான் கணக்கு டீச்சர். எதையும் ஒருமுறை சொல்லிவிட்டால் என் மனது ஆறாது. சத்தமாக வாசித்துக் காட்டினேன், புரிந்ததா என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன்.

"தீதி, முஹ் பந்த் கர்கே காயேங்கே க்யா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள். அப்படியானால் வாயை மூடிக்கொண்டே பாடிவிடலாமா என்று. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வாய்தான் எங்கள் கூட்டத்திலேயே பெரிய வாய், அதனால் அவரைக் கூடுதலாக இரண்டு முறை எச்சரித்தேன்.

சங்கம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நானும் என் கணவரும் ஆரம்பித்தது. அவர் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். ஒருமுறை டர்பன் துறைமுகத்தில் குடல்வால் வெடித்து இவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கப்பல் காத்திருக்குமா? போய்விட்டது. மொழி தெரியாத ஊரில், வயிற்றில் குழாய்களோடு, ஆறு வாரம் கிடந்தார். அந்த வார்டு நர்ஸ் ஒரு ஜூலு பெண்மணி. இவர் சாப்பிட மாட்டேன் என்று முரண்டு பிடித்தபோது, தன் வீட்டிலிருந்து குழைய வடித்த சோறு கொண்டுவந்து, "உன் மனைவிக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும், வாயைத் திற" என்று மிரட்டி ஊட்டியவர். சாயங்காலம் டியூட்டி முடிந்ததும் தன் சர்ச் பெண்களைக் கூட்டிவந்து வார்டிலேயே பாடுவாராம். என் கணவர் வீடு திரும்பியபோது உடம்பில் பாதி இல்லை. ஆனால் வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் எனக்குப் புரியாத ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

கடலுக்கடியில் கேபிள் வந்து எங்கள் தீவில் இன்டர்நெட் ஒழுங்கான பிறகு, அந்த நர்ஸை வீடியோவில் பிடித்தோம். அவர் தன் பாட்டுக் குழுவைக் காட்டினார், நாங்கள் எங்கள் தெருப் பெண்களைக் காட்டினோம். அவர்கள் எங்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள், நாங்கள் கும்மி சொல்லிக் கொடுத்தோம். வருடக்கணக்கில் நடந்தது. கடைசியில் அதற்கு ஒரு பெயர் வைத்துப் பதிவு செய்யப் போனோம். நோக்கம் என்ற இடத்தில் 'ஆப்பிரிக்க மக்களோடு பண்பாட்டு உறவு' என்று எழுதியிருந்ததைப் பார்த்து எழுத்தர், "கௌன்ஸா ஆப்பிரிக்கா, மேடம்?" என்றார். எந்த ஆப்பிரிக்கா? நியாயமான கேள்வி. எங்களுக்குத் தெரிந்த ஆப்பிரிக்கா ஒரு நர்ஸ் வீட்டு வரவேற்பறை மட்டும்தான்.

அந்த நர்ஸும் அவருடைய தங்கை மகளும்தான் இப்போது வரப்போகிறவர்கள். சௌல்தாரி கிராமத்துக் கம்யூனிட்டி ஹாலில் எங்கள் பெண்களோடு சேர்ந்து பாடுவதாக ஏற்பாடு. என் கணவர் அவரை 'சிஸ்டர்' என்பார், நாங்களும் அப்படியே. மேகம் மூடி விமானம் சென்னைக்கே திரும்பிவிடுமோ, விமான நிலையத்தில் வெளிநாட்டவர் பதிவில் ஏதாவது காகிதம் குறையுமோ என்று கவலைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அடிவயிற்றில் இருந்த பயம் ஒன்றுதான். என் புருஷனை உயிரோடு எனக்குத் திருப்பிக் கொடுத்த மனுஷி, என் ஊரில், என் அழைப்பில் வந்து அவமானப்பட்டுவிடக் கூடாது.

விமானம் நேரத்துக்கு வந்தது. பதிவு பத்து நிமிடத்தில் முடிந்தது. வெளியே வந்த சிஸ்டர் என்னைக் கட்டிக்கொண்டார். என் கணவரைப் பார்த்ததும் அவர் தொப்பையில் ஒரு தட்டுத் தட்டி, "என் தையல் பிரியவில்லையே?" என்று கேட்டார். அந்த மனிதர் விமான நிலைய வாசலில் நின்று தேம்பித் தேம்பி அழுதார். நானோ சுற்றியிருந்த டாக்ஸிக்காரர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு ஆட்டோக்காரர் மட்டும் அருகில் வந்து, "போட்டோ லூம் க்யா, ஆண்ட்டி?" என்றார், போட்டோ எடுக்கலாமா என்று மரியாதையாக. அவருக்கு என் பட்டியலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் என் பட்டியல்தான் வேலை செய்கிறது என்று எனக்குள் ஒரு பெருமிதம்.

வீட்டில் தங்க வைத்தால் வெளிநாட்டுக்காரர்களுக்கான காகித வேலை அதிகம் என்று அவர்களை லாட்ஜில் தங்க வைத்தோம். முதல் நாள் நன்றாகவே போனது. நான் பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று சிஸ்டர் கேட்டார். நான் பிறந்தது தெற்கே கட்சால் தீவில், ரப்பர் தோட்டத்தில். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பிய எங்கள் ஆட்களை அங்கேதான் குடியமர்த்தினார்கள். அரசாங்கத் தடை, வெளிநாட்டவர் அங்கே போக முடியாது என்றேன். "என் ஊரிலும் நான் போக முடியாத இடங்கள் இருந்தன" என்று சொல்லிவிட்டு அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். இவர் எதையும் மறக்கிறவர் இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலை சௌல்தாரியில் ஒத்திகை. நாங்கள் முன்னாலேயே போய்விட்டோம். விருந்தாளிகளை வண்டியில் அழைத்து வருவது என் கணவர் வேலை. இரவெல்லாம் தூறியதில் ஹால் வராந்தா ஈரமாக இருந்தது. மைக் செட்காரர் வயரை விரித்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. சங்கத்தின் ஃபோன், லேப்டாப், வயர் எல்லாம் அவள் பொறுப்பு. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஹலோ ஹலோ என்று சொல்லிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. அவள் செருப்பில்லாமல் அந்த ஈரத்தில் குந்தி உட்கார்ந்து, ஸ்விட்சைத் தட்டிவிட்டு, வயரின் தோல் உரிந்த முனைக்குக் கையைக் கொண்டுபோனாள்.

எனக்கு உயிரே போய்விட்டது.

"அடியே காப்பிரி! தொடாதடி! கைய எடுடி காப்பிரி!"

அவள் கையை இழுத்துக்கொண்டாள். ஆனால் ஸ்விட்ச் போட்டதில் மைக் உயிர் பெற்றிருந்தது. பாக்கு மரத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கர் என் குரலைச் சௌல்தாரி முழுக்கக் கொண்டுபோனது. திரும்பிப் பார்த்தால் வாசலில் வண்டி நிற்கிறது. சிஸ்டரின் ஒரு கால் தரையில், ஒரு கால் இன்னும் வண்டிக்குள். அவர் அப்படியே நின்றார்.

காப்பிரி என்பது என் மகளின் செல்லப் பெயர். அதற்கு முன்னால் அது என் செல்லப் பெயர். என் அப்பா இலங்கை மலையிலிருந்து கட்சாலுக்குக் கொண்டுவந்த தட்டுமுட்டுச் சாமான்களில் அந்தச் சொல்லும் ஒன்று. எங்கள் தோட்டத்து லயத்தில் சுருட்டை முடியோடு பிறந்த பிள்ளை எதுவானாலும் காப்பிரிதான். சொன்னவர்களில் ஒருவர்கூட ஆப்பிரிக்கரைப் பார்த்ததில்லை. எனக்குச் சுருட்டை முடி, என் மகளுக்கு என்னைவிடச் சுருட்டை. முடியோடு சேர்த்துப் பெயரையும் கொடுத்துவிட்டேன்.

அந்தச் சொல் தென்னாப்பிரிக்காவில் என்ன சொல் என்பதும் எனக்குத் தெரியும். அதுதான் கொடுமை. சங்கம் ஆரம்பித்த புதிதில் இன்டர்நெட்டில் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். வெள்ளைக்காரர்கள் கறுப்பர்களைக் கூப்பிட்ட சொல், அந்த நாட்டில் இன்று சொன்னால் கோர்ட்டுக்கு இழுப்பார்கள். படித்தது ஆங்கில எழுத்தில், 'காஃபிர்' என்று. என் வாயில் இருந்தது தமிழில். இரண்டும் ஒன்றுதான் என்று அந்த நிமிடம் வரை எனக்கு உறைக்கவே இல்லை. ஊர் வாய்க்கெல்லாம் பூட்டுப் போட்ட நான் என் வாயைத் திறந்துபோட்டிருந்தேன்.

சிஸ்டர் இறங்கி வந்தார். எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். ஒத்திகையில் இரண்டு பாட்டுப் பாடினார். சாப்பாட்டில் சோற்றை அளைந்துகொண்டிருந்தார். மூன்றாவது பாட்டு ஆரம்பிக்கும்போது தலைவலிக்கிறது என்று எழுந்தார். தங்கை மகள் என் முகத்தைப் பார்க்காமலே அவர் பையை எடுத்துக்கொண்டாள். வண்டி கிளம்பியதும் வங்காளி அம்மாள் என் அருகில் வந்து, "தபியத் கராப் ஹே க்யா உன்கா?" என்றார், அவங்களுக்கு உடம்பு சரியில்லையா என்று கவலையாக. அவருக்குத் தமிழ் தெரியாது. 

அவர்களை லாட்ஜில் விட்டுவிட்டு வந்த என் கணவரிடம் சொன்னேன்.

"அவங்களுக்குக் கேட்டிருக்காது. ஸ்பீக்கர் வேற கரகரன்னு இருந்துச்சு" என்றார்.

"கேட்டுச்சுங்க. நான் அவங்க முகத்தப் பாத்தேன்."

"சரி, கேட்டுச்சுன்னே வையி. அவங்களச் சொன்னியா? பிள்ளையச் சொன்ன. இதப் போயி விளக்கப் போனா இன்னும் மோசமாப் போயிரும். நெல்லக் கொட்டுனா அள்ளிரலாம், சொல்லக் கொட்டுனா அள்ள முடியுமா? பேசாம இரு. நாளைக்கி பாட்டு முடியட்டும்."

"என்னால இருக்க முடியாதுங்க. உங்களுக்குச் சோறு ஊட்டுன பொம்பளைங்க அவங்க."

அவர் அடுப்படிக்குள் போய் ஏற்கனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவ ஆரம்பித்தார்.

நான்கு மணிக்கு மகளின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து லாட்ஜுக்குப் போனேன். வழியெல்லாம் ஆங்கிலத்தில் வாக்கியம் கட்டிக்கொண்டே போனேன். ஒவ்வொரு வாக்கியமும் ஸ்கூட்டர் பள்ளத்தில் விழும்போதெல்லாம் உடைந்தது. மகளைக் கீழேயே இருக்கச் சொன்னேன். அவள் கேட்காமல் என்னோடு மாடிக்கு வந்தாள்.

சிஸ்டர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கட்டிவந்த வாக்கியங்களில் ஒன்றும் வரவில்லை. "அது அவளுடைய செல்லப் பெயர். என் அப்பா எனக்கு வைத்தது. அர்த்தம் தெரியாமல் வைத்தது. எங்களுக்குள் அது பிரியமான சொல்" என்று துண்டு துண்டாகச் சொன்னேன். கடைசியில், மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எனக்குப் புரிந்த தமிழில் எழுதுகிறேன்.

"என் அம்மா டர்பனில் ஒரு தமிழர் வீட்டில் வேலை செய்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் அம்மாவை அந்தச் சொல்லால்தான் கூப்பிடும். பிரியமாகத்தான் கூப்பிடும். அம்மா மடியில் படுத்துக்கொண்டு கூப்பிடும். நான் அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். பதினோரு வருடம் வேலை செய்தார். அம்மாவுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்றே அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விமானம் தாழ்வாகப் போனது, கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. 

"முடிக்காகத்தானே அந்தப் பெயர்?" என்று கேட்டார் சிஸ்டர்.

"ஆமாம்."

"உன் மகளின் முடி உனக்குப் பிடிக்குமா?"

பிடிக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த அம்மாவும் வேறென்ன சொல்வாள்? ஆனால் அதற்குள் ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்துவிட்டன. உச்சி முதல் நுனிவரை தேங்காயெண்ணெயைக் கொட்டி, முழங்காலுக்கிடையில் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சிக்கெடுக்கிறேன் பேர்வழி என்று நான் இழுத்த இழுப்பு. அவள் போட்ட கூச்சல். படியவே மாட்டேன் என்ற முடியை இரட்டைச் சடையில் முறுக்கிக் கட்டி, "இந்த முடிய வச்சிக்கிட்டு உனக்கு எங்கடி மாப்பிள்ள தேடுறது காப்பிரி?" என்று சிரித்தது. அந்தச் சொல்லில் பிரியம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தது. குறையோடு பிறந்த பிள்ளை மேல் வைக்கிற பிரியம்.

எனக்குப் பதிலாக என் மகள் சொன்னாள். "பிடிக்காது, ஆண்ட்டி. அம்மாவுக்குத் தன் முடியே பிடிக்காது." அவள் ஆங்கிலம் என்னுடையதைப்போல் தடுக்காது. "நாலாவது படிக்கும்போதிலிருந்தே எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. அம்மா என் ஸ்கூலிலேயே டீச்சர். வராந்தாவில் நின்று கூப்பிடுவார். மொத்த கிளாஸும் என்னைப் பார்க்கும். அப்புறம் அவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள்."

எனக்கு முதலில் வந்தது வெட்கமில்லை, கோபம்தான். என் சுபாவம் அப்படி. அந்த அறையில், அந்த அம்மாளுக்கு முன்னால், தமிழில் சீறினேன்.

"ஏன்டி, இத்தன வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ?"

"எத்தன வாட்டிமா சொல்றது? ஒவ்வொரு வாட்டியும் நீ சிரிச்ச."

எனக்கு அப்படி ஒரு முறைகூட நினைவில்லை. அவள் பொய் சொல்கிறவளும் இல்லை. அப்படியென்றால் அவள் சொன்னதெல்லாம் என் காதில் விழாமலே போயிருக்கிறது. அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

சிஸ்டர் எழுந்து ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றினார். எனக்குத்தான் என்று கையை நீட்டினேன். அவர் அதை என் மகளிடம் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நாளைக்குப் பாடுவேன். பாடத்தான் வந்தேன். மற்றதைப் பற்றி இன்று என்னிடம் கேட்காதே" என்றார். குரலில் கோபம் இல்லை. வார்டில் ராத்திரி மாத்திரை கொடுத்துவிட்டு விளக்கை அணைக்கிற நர்ஸின் குரல் அப்படித்தான் இருந்திருக்கும்.

மறுநாள் பாடினார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஹால் நிறைந்திருந்தது, எங்கள் பெண்கள் ஒரு சுருதியும் தவறவிடவில்லை, வங்காளி அம்மாள் யாரையும் எதுவும் சொல்லவில்லை. இப்போதும் மாதம் ஒருமுறை வீடியோவில் ஒத்திகை நடக்கிறது. சிஸ்டர் என் கணவரிடம் வயிற்றைப் பற்றி விசாரிப்பார், என் மகளிடம் மணிக்கணக்கில் பேசுவார். என்னிடம் வானிலையைப் பற்றிக் கேட்பார். உறவு அறுந்துவிடவில்லை. ஆனால் அவர் முகம் திரையில் வந்தால் இன்றைக்கும் வாயைத் திறக்குமுன் ஒவ்வொரு சொல்லையும் புரட்டிப் பார்க்கிறேன்.

அந்தச் சாயங்காலம் லாட்ஜை விட்டு இறங்கியபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மகள் எனக்கு முன்னால் விறுவிறுவென்று இறங்கி ஸ்கூட்டரைப் பார்த்து நடந்தாள். அவளை நிறுத்தி ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவித்தது. என்ன சொல்வதென்று தெரியாவிட்டாலும் நிறுத்த வேண்டும். நாக்கு நுனிக்கு அந்தச் சொல்தான் வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினேன். அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் வயிற்றில் இருந்தபோது நானும் என் கணவரும் ஒன்பது மாதம் சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்த பெயர், பள்ளிக்கூட ரெஜிஸ்டரில் மட்டும் கிடந்த பெயர். அவள் நடந்துகொண்டே இருந்தாள். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். வாசலில் உட்கார்ந்திருந்த லாட்ஜ்காரர் அவளைப் பார்த்து, "பேட்டி, கோயி புலா ரஹா ஹே" என்றார், யாரோ கூப்பிடுகிறார்கள் பார் என்று.

அவள் நின்றாள், திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், தன்னை யார் கூப்பிட்டது என்று தேடினாள்.